கட்டைவிரல் அளவு காக்பிட்

செயற்கைப் பல் செய்யும் லேபில் வேலை பார்க்கும் ரோஸ்லின், விடுமுறை நாட்களில் போர் விமானங்களின் சிறிய மாதிரிகளைச் செய்வாள். ஓய்வுபெற்ற விமானி குலசேகரன் ஓட்டிய ஜெட்டைச் செய்து தரச் சொன்னது அவர் மனைவி பூரணி. அந்த ஜெட் தீப்பிடித்து விழுந்தபோது குலசேகரன் பாராசூட்டில் தப்பினார். பிறகு அதைப் பற்றி வீட்டில் வாயே திறந்ததில்லை.

கட்டைவிரல் அளவே இருந்த காக்பிட்டுக்கு மட்டும் ரோஸ்லினுக்கு நாற்பது நாள் பிடித்தது. கடுகளவு மானிகளுக்குள் ஒற்றை முடித் தூரிகையால் முள் வரைந்தாள். மெல்லிய செம்புக் கம்பியை வளைத்து இருக்கை வாருக்குக் கொக்கி செய்தாள். காக்பிட்டின் தரையில் ஓரிடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் தெரிய விட்டாள்.

மாதிரியை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பூதக்கண்ணாடியோடு அதன்மேல் குனிந்த குலசேகரன் நிமிரவேயில்லை. பூரணி பயந்துவிட்டார்.

“எடுத்து வச்சிடட்டுமாங்க?”

“இரு.” அவர் ரோஸ்லினிடம் கேட்டார். “இங்க பெயின்ட் தேஞ்சிருக்கும்னு யாரும்மா சொன்னா?”

“யாரும் சொல்லல சார். ஏறி உட்கார்றப்போ பூட்ஸ் அங்கதான் உரசும்னு தோணுச்சு.”

“அங்கதான் உரசும். எப்படிம்மா கண்டுபிடிச்ச!” அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு, பூதக்கண்ணாடியை மனைவியிடம் நீட்டினார். “பூரணி, சீட்டுக்கு நடுவுல மஞ்சளும் கறுப்புமா ஒரு வளையம் தெரியுதா? அதை இழுத்தா சீட்டோட நான் வெளியே வந்துடுவேன். அன்னைக்கு இழுக்க மனசே வரல. அந்த ஜெட்டைத் தனியா விட்டுட்டு வர்ற மாதிரி இருந்துச்சு.”

பூரணி கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், “ம், சொல்லுங்க” என்றார்.