பதினொரு நிமிடப் பாட்டு

கேசட் சுழலத் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், விஜேந்திரன் வீட்டு வாசலில் செருப்புகள் சேரத் தொடங்கின.

முதலில் வந்தவள் அடுத்த காம்பரா வீட்டு அம்மாக்கண்ணு. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கு என்னாச்சு நாகலெட்சுமி? யாரு போனது?"

விஜேந்திரனின் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணை பிளேயரிலிருந்து எடுக்கவில்லை.

"யாரும் போகலக்கா. புள்ளைக பாட்டுப் போட்டுருக்காங்க."

அம்மாக்கண்ணு போகவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, குளிக்கக்கூட யாரும் துணியாத குளிர். கந்தப்பளை முழுவதும் மூடுபனி. அதற்குள்ளிருந்து ஒவ்வொரு முகமாக வந்தது.

அது எங்கள் பாட்டு. ஹட்டனில் என் அப்பாவின் கடைக்கு மேலே, மாவு மூட்டைகளுக்கு நடுவில் ஒரு வருடம் பழகினோம். போர்நிறுத்தம் வந்து சண்டை நின்றதும் கொழும்புக்குப் போய்ப் பதிந்துகொண்டு வந்தோம். டூம் மெட்டல் என்கிற ராக் வகை. பதினொரு நிமிடம். கிட்டாரும் குரலும் நான். டிரம்ஸ் விஜேந்திரன்.

இந்த இசை எங்களுக்குத் தபாலில் வந்தது. போலந்திலிருந்தும் பிரேசிலிலிருந்தும் யாரும் அறியாத குழுக்கள், போட்டோகொப்பி எடுத்த அட்டையோடு கேசட் அனுப்புவார்கள். இவ்வளவு மெதுவாக, இவ்வளவு சத்தமாகத் துக்கப்படலாம் என்று அதுவரை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

ஆனால், விஜேந்திரனின் கை அவர்கள் எவரிடமும் இல்லை.

பாட்டின் தொடக்கத்தில் கிட்டார் கிடையாது. பெரிய டிரம்மின் தோலைத் தளர்த்திவிட்டு, சாவுக்குத் தப்பு அடிக்கும் அடியைப் பாதி வேகத்தில் அடித்திருந்தான். ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒருத்தி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்து முதுகை நிமிர்த்திக்கொள்ளலாம். அடியைவிட அந்த இடைவெளிகள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தன. எத்தனை தடவை கேட்டும் ஒவ்வொரு தடவையும் அடுத்த அடி விழாமலே போய்விடுமோ என்று பயந்தேன்.

எந்த அடி கல்யாணத்துக்கு, எந்த அடி சாவுக்கு என்று தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாதி வேகத்திலும் அவர்கள் ஏமாறவில்லை.

வரும் வழியில் பஸ்ஸில் விஜேந்திரன் சொல்லியிருந்தான். "அம்மாவுக்குப் புடிக்கணும்னு இல்ல மச்சான். நடுவுல எந்திரிச்சுப் போகாம, கடைசி வரைக்கும் கேட்டாப் போதும்."

அதனால்தான் நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தலைக்கு மேலே ஆணியில் ஓர் ஆண் சட்டை தொங்கியது. விஜேந்திரனின் அப்பா நல்லமுத்துவினுடையது. அவர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர். வந்ததும் போட்டுக்கொள்ள என்று வாரம் தவறாமல் துவைத்துத் தேய்த்து வைப்பாள்.

கடைசியாக வந்தவர் செல்லசாமி. தோளில் தப்பு. தோலைக் காயவைக்கக் கையில் ஒரு பிடி வைக்கோல்.

"பாட்டா? அடப் பாவிகளா, சோத்துல கையக் கழுவிட்டுல ஓடியாறேன்!"

அந்த நேரம் பார்த்துக் கிட்டார் இறங்கியது. அதன் மேல் என் குரல்.

"இது யாருய்யா?"

"நான்தாங்க."

"ஹட்டன் கடக்காரரு மகனா? சரிதான். வெலையக் கொறைக்கச் சொன்னா ஒங்கப்பாவும் இப்படித்தான் உறுமுவாரு."

வாசல் முழுவதும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது.

நாகலெட்சுமி ஒரு கையைத் தூக்கினாள். அவ்வளவுதான். சிரிப்பு நின்றது.

வரிகளை எழுதியவன் விஜேந்திரன். ஒரு சொல்கூட யாருக்கும் விளங்காதபடி பாடச் சொல்லியிருந்தான். அப்படித்தான் பாடியிருந்தேன்.

நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். செல்லசாமியின் விரல் முழங்காலில் எழுந்தது, அடுத்த அடிக்காகக் காத்திருந்தது, விழுந்தது. ஓரிடத்திலும் தப்பவில்லை.

கடைசி ஸ்வரத்தை அணைக்காமல், தானாகச் சாகும்வரை விட்டிருந்தோம். அது சுவரில், தகரத்தில், எங்கள் எல்லோரிலும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனது.

அவள் எழுந்து போகவில்லை.

விஜேந்திரன் மூச்சை விட்டான். பிளேயரை நிறுத்தக் கை நீட்டினான்.

"இன்னொருக்காப் போடுய்யா."

அப்போதுதான் எழுந்தாள். ஆணியிலிருந்து சட்டையை எடுத்தாள். சட்டைக் கைகள் இரண்டையும் பக்கத்தில் நேராக இழுத்துவிட்டு, நடுவீட்டில், தரையில் அதை விரித்தாள்.

"நீங்களும் சேந்து அடிங்க மாமா," என்றாள் செல்லசாமியிடம். "அவருக்கு இன்னும் யாருமே அடிக்கலையே."

அவரைக் கொழும்பில் ஆமி ரவுண்டப்பில் பிடித்துக் கொண்டு போனார்கள் என்று யாரோ ஒருவர் வந்து சொன்னதோடு சரி. உடம்பு வரவில்லை. அதற்குப் பிறகு ஆறு தீபாவளி போயிருந்தது.

செல்லசாமி வெளியே போய் வைக்கோலைக் கொளுத்தினார். தோல் காயும்வரை எல்லோரும் காத்திருந்தோம். பிறகு விஜேந்திரன் பொத்தானை அமுக்கினான்.

பதினொரு நிமிடம். என் குரல் வந்த இடத்தில் பெண்களின் குரலும் எழுந்தது.

முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். ஒருவரும் 'போயிட்டு வர்றோம்' என்று சொல்லவில்லை.

விஜேந்திரனும் நானும் சட்டையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். வெளியே, மூடுபனிக்குள், மலையூற்றுப் பீலியடியில் ஒவ்வொருவராகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.