தட்டோரத்துக் கறிவேப்பிலை

எங்கள் ஃப்ரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு புழு டப்பா இருக்கும். குளிர்ந்த புழு அசையாதாம், கிட்டத்தில் வைத்துப் படமெடுக்கத் தோதாம். நாகலூர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் என் வீட்டுக்காரர் மரியஜோசப்புக்கு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் இதுதான் வேலை.

"இன்னொருக்கா மாவுகிட்டப் புழுவ வெச்சீங்கன்னா, எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவனுங்க" என்று சொல்லியும் பார்த்துவிட்டேன்.

அன்று காப்பிச் செடியில் பிடித்த பச்சைப் புழு. படத்தை லேப்டாப்பில் பெரிதாக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார். புழுவின் தாடை கறுப்பாக இருக்கும், கத்தரிபோலப் பக்கவாட்டில் மூடும். அதை எத்தனையோ படங்களில் எனக்குக் காட்டியிருக்கிறார். இந்தப் படத்தில் ஈரமான ஈறும், புகையிலைக் கறை படிந்த மனிதப் பல்வரிசையும் இருந்தன. முன்பல் ஒன்றின் முனை உடைந்திருந்தது.

"ஏனுங்க, இது உங்க பல்லுங்க" என்றேன். மஞ்சக்குட்டை வளைவில் பைக்கிலிருந்து விழுந்து அவர் உடைத்துக்கொண்ட பல் அது. "எங்க, வாயக் காட்டுங்க."

உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

"மொதல்ல அந்தக் கருமத்தக் கொண்டுபோயி வெளிய போடுங்க. சோறு போடறேன்."

போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். எப்போதும் கறிவேப்பிலையைத் தட்டோரம் ஒதுக்கிவிடுகிறவர், அன்று சோற்றைத் தொடவில்லை. ரசத்திலிருந்து கறிவேப்பிலையை மட்டும் பொறுக்கியெடுத்து, இரண்டு கைகளாலும் பிடித்து, ஓரத்திலிருந்து பிறை பிறையாகத் தின்றார். அவர் உதட்டுக்குள் ஏதோ இடமும் வலமுமாகத் திறந்து மூடியது.