வளைவோரத்துப் புல்

ஏரியைச் சுற்றி ஓடுகிறவர்களுக்கென்று ஒரு மண்பாதை இருந்தது. ஓரிடத்தில் அது பெரிதாக வளைந்து போகும். அந்த வளைவுக்குள் இருந்த புல்லுக்குத் தீராத குறை.

"விடிஞ்சா எல்லாரும் உன்கிட்டதான் வர்றாங்க. என்னை ஒருத்தராவது திரும்பிப் பார்க்கிறாங்களா?"

பாதைக்கு உடம்பெல்லாம் வலி. "என்னைக் கொஞ்சம் தூங்க விடேன்" என்றது.

ஒருநாள் காலை ஓடிவந்த ஒருவர், வளைவில் நின்று கூட வந்தவரை அழைத்தார். "இப்படிக் குறுக்கால வாங்க சார், சுத்து மிச்சம்."

ஓடுவதற்கென்றே வந்த இருவரும் புல்லை மிதித்துக்கொண்டு குறுக்கே போனார்கள். புல்லுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்தடுத்த நாட்களில் மற்றவர்களும் அதே வழியில் வந்தார்கள்.

மழைக்காலம் வந்தபோது புல் இருந்த இடம் வெறும் மண்ணாகியிருந்தது. ஆள் வராத பழைய வளைவோ புதுப்புல்லைப் போர்த்திக்கொண்டு நன்றாகத் தூங்கியது.

அந்தப் புதுப்புல் இந்த மண்ணைப் பார்த்துக் கேட்டது: "எல்லாரும் உன்கிட்டயே போறாங்களே, என்கிட்ட ஒருத்தராவது வரக் கூடாதா?"

"என்னைக் கொஞ்சம் தூங்க..." என்று தொடங்கியது மண்.

சொல்லி முடிப்பதற்குள் அன்றைய முதல் ஷூ அதன் மேல் விழுந்தது.