விரல் ஆறிய கதை

ஒரு மூலிகை ஆய்வுக்கூடத்தின் சன்னலோரத் தொட்டியில் கற்றாழை ஒன்று இருந்தது. அதன் சாற்றில் செய்த தீப்புண் ஜெல் மேசைமேல் டப்பாவில் இருந்தது. இரண்டுக்கும் ஆகவே ஆகாது.

"பச்சையா அறுத்துப் பூசுறதெல்லாம் அந்தக் காலம். எனக்கு ஆய்வு நம்பர் இருக்கு, ஃபைல் இருக்கு" என்றது ஜெல்.

"உன் டப்பாவுக்குள்ள இருக்கிறதே நான்தானடா!" என்றது கற்றாழை.

அன்று ஆய்வாளர் இன்பவல்லி, கொதிக்கிற குடுவையை ஏதோ நினைப்பில் வெறுங்கையால் தூக்கிவிட்டாள்.

"ஐயோ!"

"என்னை எடு! என்னை எடு!" என்று இரண்டும் கத்தின.

ஜெல்லை மனிதர்மேல் பூச இன்னும் அனுமதிக் கடிதம் வரவில்லை. கற்றாழையை அறுக்கக் கத்தி தேட நேரமில்லை. அவள் மூலையிலிருந்த குழாயைத் திறந்து, இருபது நிமிடம் விரலை நீட்டியபடி நின்றாள். எரிச்சல் அடங்கியது.

"என் காத்து பட்டதும் அடங்கிடுச்சு பாத்தியா?" என்றது கற்றாழை.

"மூடியைத் திறக்காமலே குணமாக்கியிருக்கேன். இதையும் ஃபைல்ல சேக்கணும்" என்றது ஜெல்.

மறுநாள் நிர்வாகத்திலிருந்து ஆள் வந்து குழாயின் கழுத்தில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போனார்: "நேற்று இருபது நிமிடம் தண்ணீர் வீண். இனி இப்படி நடக்கக் கூடாது."