பழைய காய்ச்சல்

முத்தையாவுக்கு டெங்கி என்று ரத்தப் பரிசோதனையில் உறுதியான அன்றே, விசாலாட்சி அவன் கட்டிலைச் சுற்றி வெள்ளைக் கொசுவலையைக் கட்டினார். ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுகச் செருகினார்.

"வெளிய வராதீங்க தம்பி. பாத்ரூம் போகணும்னா மட்டும் கூப்பிடுங்க."

சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீசியன் முத்தையா. பூன் லேயில் தனியாக வசிக்கும் விசாலாட்சியின் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தான். நேற்றுவரை சிரித்துப் பேசியவர்தான். இப்போது பேச்சே நின்றுபோனது.

ஜன்னல்கள் சாத்திக் கிடந்தன. கொசுவத்திப் புகை அறைக்குள்ளேயே தேங்கி நின்றது. காய்ச்சலில் கண் திறக்கும்போதெல்லாம், தன்னைக் கிடத்தி வெள்ளைத் துணி போர்த்திவிட்டார்களோ என்று அவனுக்குத் தோன்றும்.

அதைவிடப் பயம், பொழுது சாயும்போதுதான். கண் கூசுகிறது என்று அவன் சொன்னதால் விளக்கு கிடையாது. அரையிருட்டில் விசாலாட்சி சத்தமில்லாமல் வந்து நிற்பார். முழுக்கை உடை, காலில் சாக்ஸ், கையில் கொசு அடிக்கும் பேட். அவன் முகத்தைப் பார்க்க மாட்டார். வலையைச் சுற்றியுள்ள காற்றையே வெறித்துக்கொண்டிருப்பார். சட்டென்று பேட்டில் நீலப் பொறி தெறிக்கும். அந்த வெளிச்சத்தில் அவர் முகம் ஒரு கணம் தெரிந்து மறையும்.

கஞ்சிக் கிண்ணத்தை உள்ளே தள்ளிய கையோடு வலையை மூடிவிடுவார். தீட்டுப் பட்டவனைப் போல நடத்துகிறாரே என்று அவனுக்குக் கசந்தது. தொட்டால் ஒட்டுகிற காய்ச்சல் இல்லை என்று டாக்டர் இவருக்கும் சேர்த்துத்தானே சொன்னார்? அன்று விசாலாட்சிக்கும் லேசாக உடம்பு சுட்டதால், இருவரும் ஒன்றாகத்தான் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருந்தார்கள். தனக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

காய்ச்சல் இறங்கியதும் வேறு அறை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவு செய்தான்.

மறுநாள் மாலை, விசாலாட்சியின் மகன் திலீப் உட்லண்ட்ஸிலிருந்து வந்தான். கூடத்தில் தணிந்த குரலில் பேச்சு. தன்னைக் காலி செய்யச் சொல்லப் போகிறார்கள் என்று முத்தையா மூச்சை அடக்கிக் கேட்டான்.

"டாக்டர் தெளிவா சொல்லிட்டாரும்மா. உங்க ரத்தத்துல பழைய டெங்கியோட எதிர்ப்புப்பொருள் இருக்கு. அப்பா அதுலதான் போனாரு, அப்பவே உங்களுக்கும் வந்திருக்கு. ரெண்டாவது தடவ வந்தா உயிருக்கே ஆபத்தாம். முத்தையாவக் கடிச்ச கொசு உங்களக் கடிச்சா என்ன செய்றது? கொஞ்ச நாளைக்கு எங்க வீட்டுல வந்து இருங்க லா."

விசாலாட்சியின் குரல் இன்னும் தணிந்தது.

"வலை கட்டியிருக்கேன். ஒரு கொசுவும் அவன்கிட்ட போகாம பார்த்துக்கிறேன். நான் வந்துட்டா அந்தப் பிள்ளைக்கு யாருடா கஞ்சி கொடுப்பா?"

திலீப் மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"மெதுவாப் பேசு. அவன் காதுல விழுந்தா, இந்தக் காய்ச்சலோடயே எழுந்து வெளிய போயிடுவான்."