இடிக்க முடியாத சுவர்

செவிலியர் கோமளவல்லி தன் சம்பளத்தில் வாங்கவிருந்த வீட்டைப் பார்க்கக் கிளம்பியபோது, கணவன் தாமோதரனோடு அவனுடைய அண்ணன் மாசிலாமணியும் கூப்பிடாமலே காரில் ஏறிக்கொண்டார். அது செங்கல் இல்லாத வீடு. சுவர்களைத் தொழிற்சாலையிலேயே கான்கிரீட்டில் வார்த்துக் கொண்டுவந்து, கிரேனால் தூக்கி நிறுத்தி இணைத்திருந்தார்கள்.

மாசிலாமணி விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இதெல்லாம் ஒரு வீடா?"

தாமோதரன் தலையாட்டினான்.

வீட்டைச் சுற்றிக்காட்ட வந்த பெண்ணிடம் மாசிலாமணி கேட்டார்: "ஏம்மா, இந்தச் சுவரை எடுத்துட்டு இங்க ஒரு வாசல் வைக்கலாமா?"

"முடியாதுங்க சார். எல்லாச் சுவரும் பாரம் தாங்குது. எதையும் இடிக்கக் கூடாது."

"கேட்டியா கோமளா? சொந்த வீட்டுல ஒரு சுவரை இடிக்க வக்கில்ல!"

கோமளவல்லி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மாமனாரின் காரியம் முடிந்த மறுநாளே ஆள்களோடு வந்து, பாகம் பிரிப்பதாகச் சொல்லி அவளுடைய சமையலறைக்கு நடுவே சுவர் எழுப்பிய மனிதர். அன்றும் தாமோதரன் அண்ணனுக்குத் தலையாட்டிக்கொண்டுதான் நின்றான். பதினோரு வருஷமாக அவள் திரும்பக்கூட இடமில்லாமல் சமைக்கிறாள்.

"அண்ணன் தம்பி பாகம் கேட்டு வந்தாலும் இடிக்க முடியாதில்ல?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"யார் வந்தாலும் முடியாது மேடம்."

"அப்ப எழுதிக்குங்க."

அந்தப் பெண் விண்ணப்பத்தை விரித்தாள். "சார் பேரையும் சேர்த்துடலாமா?"

கோமளவல்லி கணவனைப் பார்த்தாள். அவன் அண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேண்டாம்," என்றாள்.