ஒரே ஒரு ஆண் செடி

கனடாவின் கூட்னி மலையடிவாரத்தில், மேர்ல் வீட்டுச் சமையலறைக்குள் அக்டோபர் வெயில் சாய்ந்து விழுகிறது. வசந்தத்தில் விதை போட்டு அவர் வளர்த்த இரண்டு ரகக் கஞ்சாவும் கயிற்றில் தலைகீழாகக் காய்கின்றன. ஒன்றில் எலுமிச்சை வாசம், மற்றதில் பைன் பிசின். மேர்ல் ஒரு மொட்டைப் பிரிக்கிறார். விதை. அடுத்ததிலும் விதை. தட்டில் டிக் டிக்கென்று விழுகின்றன. பக்கத்து வீட்டு வெர்னா காப்பிக் கோப்பையை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். "எங்கேயோ ஒரு ஆண் செடி நின்னிருக்கு வெர்னா. காத்துல மகரந்தம் வந்து எல்லாம் விதை பிடிச்சு, மருந்துச் சத்துப் போய்ப் பாழாப்போச்சு. எந்தச் சோம்பேறிப் பயலோ பிடுங்காம விட்டிருக்கான்." அது நின்றது வெர்னாவின் கொட்டகைக்குப் பின்னால். ஆகஸ்டிலேயே அவளுக்குத் தெரியும். கத்தரியோடு போனவள், தான் விதைத்த அந்த ரகத்தில் முளைத்தது அது ஒன்றுதானே என்று வெட்ட மனம் வராமல் திரும்பிவிட்டாள். ஜன்னலில் படிந்த மஞ்சள் நிற மகரந்தத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சும்மா இருந்தாள். உள்ளறையில் மேர்லின் மனைவி ஐரீன் மூட்டுவலியில் முனகுவது கேட்கிறது. குளிர்காலம் முழுக்க அவளுக்கு இந்தக் கஞ்சாதான் மருந்து. "உன்னோடதும் போச்சா?" என்கிறார் மேர்ல். வெர்னா ஆமென்று தலையாட்டுகிறாள். "அடப் பாவமே!" மேர்ல் கயிறு முழுக்கத் தடவித் தேடி, விதை விழாத ஒரே மொட்டைக் கிள்ளி அவளிடம் நீட்டுகிறார். "இந்தா, இதையாவது வெச்சுக்க." அதை வாங்கிக்கொள்ள வெர்னாவின் கை நீள்கிறது.